உப்பே கரைப்பானாகும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் இப்பகுதியில், ஆய்வகக் கரைப்பான்கள் குறித்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்புகளும் கரைப்பான்களாகப் பயன்படுகின்றன என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியை விளக்கும்படி மாட்டுங்கா முதல் அம்பர்நாத் வரை பல இடங்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். மருந்து, சாயம், பூச்சு என்று வேதித் தொழிலை நம்பி வாழ்வோர் நிறைந்த நம் மும்பை வட்டாரத்தில் இது வெறும் ஏட்டு ஆர்வம் அன்று என்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அயனித் திரவங்கள் எனப்படும் இந்த உப்புகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: உப்பு திடப்பொருள் என்றும், நீரில் கரைத்தாலோ மிகுந்த வெப்பத்தில் உருக்கினாலோதான் அதன் அயனிகள் நகரும் என்றும் வகுப்பில் கற்பிக்கிறேன். நீரும் இல்லாமல், சூடும் இல்லாமல் ஓர் உப்பு திரவமாக இருப்பதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது? அது ஒருவகை உப்புக் கரைசல்தானே?
பள்ளி ஆசிரியை, தாராவி.

பதில்: கரைசல் அன்று, அம்மா. கடல்நீரில் பெரும்பங்கு நீர் மூலக்கூறுகளே. சோடியம், குளோரைடு அயனிகள் அவற்றால் சூழப்பட்டு ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கின்றன. அயனித் திரவத்தில் அப்படி இடையில் நின்று விலக்கி வைப்பதற்கு எதுவும் இல்லை. நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் மட்டுமே நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. எனவே, தாங்கள் பாடத்தில் சொல்லும் உருகிய உப்புக்குத்தான் இது நெருங்கிய உறவு. சமையல் உப்பும் 801 டிகிரி செல்சியஸில் உருகி, நீரின் துணை இல்லாமலேயே மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் அந்த வெப்பத்தில் கரிமச் சேர்மங்கள் கருகிவிடும் என்பதால், அன்றாட வேதியியலில் அதைக் கரைப்பானாகக் கொள்ள வழியில்லை.

உருகுநிலை ஏன் இவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை அயனிகளின் உருவத்தை வைத்தே மாணவர்களுக்கு விளக்கலாம். சோடியமும் குளோரைடும் சிறியவை, உருண்டையானவை. ஒன்றை ஒன்று நெருங்கி, வரிசை தப்பாமல் அடுக்கிக்கொள்பவை. நெருக்கம் கூடக் கூட மின்கவர்ச்சியும் கூடுகிறது, படிகத்தைக் குலைக்க அதிக வெப்பம் வேண்டியிருக்கிறது. அயனித் திரவங்களில் மிகவும் புழங்கும் பியூட்டைல்மெத்தில் இமிடசோலியம் என்ற நேர்மின் அயனியை எடுத்துக்கொண்டால், நடுவில் ஐந்து அணுக்களாலான ஒரு வளையம், அதன் ஒரு பக்கம் குட்டையான மெத்தில் தொகுதி, மறுபக்கம் நீண்டு வளைந்து திரும்பக்கூடிய பியூட்டைல் வால் என்று அது ஒழுங்கற்ற உருவம் கொண்டது. அதன் மின்சுமை ஓரிடத்தில் குவியாமல் வளையம் முழுவதும் பரவியிருக்கிறது. அதற்கு இணையாக வரும் எதிர்மின் அயனியும் பெரியது, அதன் சுமையும் பல ஃப்ளோரின் அணுக்களின் மீது பரவியது. இத்தகைய இரண்டும் வரிசையாக அடுக்கிக்கொள்வது கடினம். அடுக்கிக்கொண்டாலும் அதனால் கிடைக்கும் ஆற்றல் ஆதாயம் சிறிது. ஆகவே அவை திரவமாகவே இருந்துவிடுகின்றன. உருகுநிலை 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அயனித் திரவம் என்பது அறிவியலாளர்கள் தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட எல்லையே தவிர, இயற்கை இட்ட கோடு அன்று.

இவை புதியவை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ரீகா நகரில் பணியாற்றிய பால் வால்டன் 12 டிகிரி செல்சியஸிலேயே உருகும் எத்தில்அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி 1914-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அவருடைய அக்கறை உருகிய உப்புகளின் மின்கடத்துதிறனில் இருந்தது. கரைப்பானாக அதை அவர் ஆராயவில்லை. பின்னர் வந்த அலுமினியம் குளோரைடு சேர்ந்த திரவங்கள் ஈரக்காற்றுப் பட்டாலே சிதைந்தன. காற்றையும் ஈரத்தையும் பெருமளவு தாங்கும் இமிடசோலியம் உப்புகளை வில்க்ஸ், சவரோட்கோ இருவரும் 1992-இல் வெளியிட்ட பிறகுதான், சாதாரண ஆய்வகங்களிலும் இவற்றைக் கையாள முடியும் என்ற நிலை வந்தது.

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இப்படி ஒரு திரவத்தை நாங்களே செய்து பார்க்க முடியுமா?
பதினோராம் வகுப்பு மாணவர், சயான்.

பதில்: முடியும் தம்பி, ஆசிரியர் உடனிருந்தால். கோலின் குளோரைடு என்ற வெள்ளைப் பொடி ஒரு மோல், யூரியா இரண்டு மோல் எடுத்து, உலர்ந்த குடுவையில் சேர்த்து 80 டிகிரி செல்சியஸ் அளவில் கலக்கிக்கொண்டே இருங்கள். முதலாவது 302 டிகிரியிலும் இரண்டாவது 133 டிகிரியிலும் உருகக்கூடியவை. இரண்டும் சேர்ந்ததோ 12 டிகிரி வரை உறையாத நிறமற்ற திரவமாக நிற்கும். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆபட் குழுவினர் 2003-இல் விவரித்த கலவை இது. முழுவதும் அயனிகளால் ஆனது அன்று, யூரியா மூலக்கூறும் இதில் இருக்கிறது. அதனால் இதை ஆழ்உருகு கரைப்பான் என்று தனி வகையாகவே வைக்கிறார்கள். மழைக்காலத்தில் செய்வதாக இருந்தால் பொடியைத் திறந்து வைக்காதீர்கள். கோலின் குளோரைடு மிக விரைவாக ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும்.

கேள்வி: முழுவதும் மின்சுமையால் ஆன திரவம் நீரைவிட அதிக முனைவுத்தன்மை உடையதாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் பாடநூலில் அயனித் திரவங்களின் முனைவுத்தன்மை எத்தனாலை ஒத்தது என்று இருக்கிறது. சமையல் உப்புகூட இவற்றில் சரியாகக் கரைவதில்லை என்றும் படித்தேன். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்ற விதி இங்கே பொய்த்துவிடுகிறதா?
முதுநிலை வேதியியல் மாணவி, மாட்டுங்கா.

பதில்: வந்த கடிதங்களில் பொருளின் மையத்தைத் தொட்டது உங்களுடையதுதான், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முனைவுத்தன்மை, அதாவது மின்சுமையுள்ள கரைபொருளை ஒரு திரவம் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் திறன், என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பது உண்மையில் பல குணங்களின் தொகுப்பு. மின்சுமைகளுக்கு இடையிலான கவர்ச்சியை ஒரு திரவம் எவ்வளவு தணிக்கிறது என்று காட்டும் மின்காப்பு மாறிலியை எடுத்துக்கொள்ளுங்கள். நீருக்கு அது 78, எத்தனாலுக்கு 24ஐ ஒட்டியது. அயனித் திரவம் மின்சாரத்தைக் கடத்துவதால் வழக்கமான முறையில் அதை அளக்க இயலாது. நுண்ணலைகளைக் கொண்டு அளந்தபோது, புழக்கத்தில் உள்ள இமிடசோலியம் திரவங்களுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 வரையே கிடைத்தது. மற்றோர் அளவுகோலான ரைகார்ட் சாயம், தன்னைச் சூழ்ந்துள்ள கரைப்பானுக்கு ஏற்ப நிறம் மாறுவது. அந்த அளவில் நீர் மோலுக்கு 63.1 கிலோகலோரி, எத்தனால் 51.9, பியூட்டைல்மெத்தில் இமிடசோலியம் ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட் 52க்குச் சற்று மேல். உங்கள் பாடநூல் எத்தனாலுடன் ஒப்பிட்டது இந்த இரண்டாவது அளவுகோலை வைத்துத்தான்.

மின்சுமை இவ்வளவு இருந்தும் அளவு ஏன் இப்படிக் குறைகிறது? ஒவ்வொரு நேர்மின் அயனியும் ஏற்கெனவே எதிர்மின் அயனிகளால் சூழப்பட்டிருக்கிறது. எதிர்மின் அயனிகளின் நிலையும் அதுவே. அவற்றின் கவர்ச்சி பெரும்பாலும் தமக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. புதிதாக வரும் கரைபொருளுக்கு மீந்திருப்பதுதான் நம் கருவிகளில் பதிவாகிறது. சமையல் உப்பின் நிலையும் இதனால் விளங்கும். அதன் படிகத்தை உடைக்க வேண்டுமானால் சோடியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் துணை வேண்டும். நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் அதைச் செய்கிறது. சுமை பரவிக் கிடக்கும் டெட்ராஃப்ளோரோபோரேட் போன்ற எதிர்மின் அயனிக்கு அந்தப் பிடிப்பு இல்லை. ஆகவே உப்பினால் ஆன திரவத்தில் உப்பு கரையாமல் அடியில் தங்குகிறது.

கரைப்பானாக ஓர் அயனித் திரவம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டி அறிய, கேம்லட், டாஃப்ட் ஆகியோரின் பெயரால் வழங்கும் மூன்று அளவுகள் நல்ல வழிகாட்டி. ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஹைட்ரஜனைத் தரும் திறன் முதலாவது. அதை ஏற்கும் திறன் இரண்டாவது. முனைவுற்றும் முனைவாகும் இயல்பும் சேர்ந்தது மூன்றாவது. இமிடசோலியம் திரவங்களில் முதலாவது பெரும்பாலும் நேர்மின் அயனியின் வளையத்தில், இரண்டு நைட்ரஜன்களுக்கும் நடுவே உள்ள கார்பனின் ஹைட்ரஜனைச் சார்ந்தது. இரண்டாவது ஏறக்குறைய முழுவதும் எதிர்மின் அயனியின் பொறுப்பு: ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட்டுக்கு 0.2ஐ ஒட்டியும், குளோரைடுக்கு 0.8க்கு மேலும், அசிட்டேட்டுக்கு 1ஐத் தாண்டியும் அது அமைகிறது. நேர்மின் அயனியை மாற்றாமல் எதிர்மின் அயனியை மட்டும் மாற்றினால் கரைப்பானின் குணமே மாறிவிடுவதற்கு இதுதான் காரணம். குளுக்கோஸ், டைசயனமைடு என்ற எதிர்மின் அயனி கொண்ட திரவத்தில் தாராளமாகக் கரைகிறது, ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட்டில் கரைவதே இல்லை எனலாம். டெட்ராஃப்ளோரோபோரேட் நீருடன் எல்லா விகிதத்திலும் கலக்கிறது. ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட் பிரிபுனலில் நீருக்கு அடியில் தனி அடுக்காக நிற்கிறது. இவ்வளவு வேறுபாடு உள்ளவற்றை "அயனித் திரவத்தில் கரையுமா?" என்று பொதுவாகக் கேட்பதையே நான் தவிர்க்கச் சொல்வேன். எந்த அயனி இணை என்று குறிப்பிடாத கேள்விக்குப் பதில் இல்லை.

இவற்றின் உள்ளமைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வால் பியூட்டைல் அளவுக்கு நீளும்போதே, அந்த வால்கள் ஒன்றுசேர்ந்து நானோமீட்டர் அளவிலான முனைவற்ற திட்டுகளாகின்றன. மின்சுமை உள்ள பகுதிகள் அவற்றைச் சுற்றித் தொடர்ச்சியான வலையாக அமைகின்றன. கணினிப் பாவனைகள் 2006-இல் இதைக் காட்டின. அடுத்த ஆண்டே எக்ஸ்-கதிர் சிதறல் சோதனைகளும் இதற்குச் சான்று தந்தன. கண்ணுக்கு ஒரே சீரான திரவம். மூலக்கூறின் அளவில் இரண்டு குடியிருப்புகள். முனைவற்ற கரைபொருள் வால்களின் நடுவே ஒதுங்குகிறது, முனைவுள்ளது வலையை நாடுகிறது. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்ற விதி பொய்க்கவில்லை; ஒரே திரவத்துக்குள் இரண்டு வகை ஒப்புமைகள் இருக்கின்றன என்பதே செய்தி. பென்சீனின் கதை இன்னும் சுவையானது. ஹெக்சேன் பல இமிடசோலியம் திரவங்களின் மேல் தனி அடுக்காக மிதக்கும்போது, பென்சீன் பெருமளவில் உள்ளே நுழைந்துவிடுகிறது. அதன் தட்டையான வளையம் நேர்மின், எதிர்மின் அயனிகளின் நடுவே செருகிக்கொண்டு, திரவக் கூடு என்று சொல்லத்தக்க ஓர் ஒழுங்கை உண்டாக்குகிறது. எண்ணெய்க் கலவைகளிலிருந்து நறுமண வளையச் சேர்மங்களைப் பிரித்தெடுக்கும் முயற்சிகள் இந்த ஒரு குணத்தை நம்பியே நடக்கின்றன.

தேர்வுக்காக இல்லாவிட்டாலும் ஆய்வுக்காக ஒன்றை நினைவில் வையுங்கள். இமிடசோலியம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் கரைப்பான் அன்று. வலிய காரம் சேர்த்தால், நான் முன்பு சொன்ன அந்தக் கார்பன் தன் ஹைட்ரஜனை இழந்து, கார்பீன் என்னும் வினைத்திறன் மிக்க வடிவம் ஆகிறது. அது பலேடியத்துடன் பிணைந்து வினையூக்கியையே வேறாக்கிவிடும், ஆல்டிஹைடுகளுடன் வினைபுரிந்து விளைபொருளையும் கெடுக்கும். இவ்வகை வினைகளில் விளைச்சல் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், அதைக் கரைப்பானின் முனைவுத்தன்மைக்கு உடனே கணக்கு எழுதிவிடக் கூடாது.

கேள்வி: ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட் அயனித் திரவத்தில் ஒரு வினையைக் குளிர்காலத்தில் பலமுறை நன்றாகச் செய்தோம். அதே செய்முறை, அதே பொருட்கள். ஜூலையில் விளைச்சல் பாதியாகிவிட்டது. குடுவையின் உட்புறக் கண்ணாடியும் மங்கலாகத் தெரிகிறது. இந்தத் திரவம் நீருடன் கலக்காதது என்பதால் ஈரத்தைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை.
ஆய்வு மாணவர், செம்பூர்.

பதில்: கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். நீருடன் கலக்காது என்பதற்கு, நீரை ஏற்காது என்பது பொருள் அன்று. நீங்கள் பயன்படுத்தும் திரவம் எடையில் ஏறத்தாழ இரண்டு சதவீதம் வரை நீரைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இந்த அளவை மோல் கணக்கில் போட்டுப் பாருங்கள். திரவத்தின் மோலார் நிறை 284, நீருக்கு 18. இரண்டு சதவீதம் என்றால் மூன்று அயனி இணைகளுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்ற அளவை நெருங்குகிறது. இதைத் தூய கரைப்பான் என்று எப்படிச் சொல்வது? கடலை ஒட்டிய நம் நகரத்தின் மழைக்காலக் காற்றில், மூடி சரியாக இறுகாத ஒரு பாட்டிலோ, மெதுவாக ஊற்றிக்கொண்டிருக்கும் நேரமோகூட நிலைமையை மாற்றப் போதுமானது.

உள்ளே வந்த நீர் திரவத்தின் பாகுநிலையை, அதாவது கெட்டித்தன்மையை, குறைக்கும். ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கும் இடங்களைத் தானே பிடித்துக்கொள்ளும். ஈரம் தாங்காத வினையூக்கியைக் கொல்லும். உங்கள் வகையில் இன்னும் பெரிய கேடு ஒன்று உண்டு. ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட், ஈரமும் சூடும் அமிலமும் சேர்ந்தால், மெல்ல நீராற்பகுப்புக்கு உள்ளாகி, அதாவது நீருடன் வினைபுரிந்து சிதைந்து, ஹைட்ரஜன் ஃப்ளோரைடைத் தருகிறது. கண்ணாடியை அரிக்கும் இயல்புடையது அது. குடுவை மங்கியதற்கு அதுவே காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. அது தோலையும் எலும்பையும் கடுமையாகத் தாக்கும் நஞ்சு. எனவே அந்தத் தொகுதியை இனிச் சூடாக்க வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். உங்கள் ஆய்வகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லி முறைப்படி அகற்றச் செய்யுங்கள். விளைச்சலைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான்.

இனி வாங்கும் அல்லது தயாரிக்கும் திரவத்தைக் கலக்கிக்கொண்டே, வெற்றிடத்தில், 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் உலர்த்துங்கள். பாகுநிலை மிகுதியால் நீர் வெளியேறுவது மெதுவாகவே நடக்கும், அவசரம் கூடாது. உலர்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல், நீரின் அளவைக் காட்டும் கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தல் மூலம் அளந்து, ஒவ்வொரு வினையின் குறிப்பிலும் அந்த எண்ணை எழுதிவையுங்கள். குளோரைடு எச்சத்தையும் மறக்க வேண்டாம். இத்திரவங்கள் பெரும்பாலும் குளோரைடு உப்பிலிருந்து எதிர்மின் அயனியை மாற்றித் தயாரிக்கப்படுவதால், கழுவுவதில் குறை இருந்தால் அது தங்கிவிடும். பாகுநிலையை ஏற்றும், உலோக வினையூக்கிகளுடன் பிணைந்து அவற்றை முடக்கும். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் துளிகளை விட்டால் வெண்மையான கலங்கல் தோன்றுகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. கலங்கல் இல்லை என்பதால் குளோரைடே இல்லை என்று ஆகாது; நுண்ணிய அளவுகளுக்கு அயனி நிறப்பகுப்பாய்வுதான் சரி. தூய இமிடசோலியம் திரவம் நீரைப்போல நிறமற்று இருக்க வேண்டும். மஞ்சள் தட்டியிருந்தால், தயாரிப்பின்போது சூடு கட்டுமீறியிருக்கிறது என்று கொள்ளலாம். உலர்த்தும் வசதி போதாதென்றால், நீராற்பகுப்பை எதிர்த்து நிற்கும் ட்ரைஃப்ளிமைடு என்ற எதிர்மின் அயனி கொண்ட திரவத்துக்கு மாறுவது பற்றி வழிகாட்டியிடம் பேசுங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் குடுவையும் கையும் பிழைக்கும்.

கேள்வி: எங்கள் ஆலையில் டொலுவீனும் மெத்திலீன் குளோரைடும் ஆவியாகிப் போவதில் நட்டமும் உண்டு, தொழிலாளர்களுக்குத் தலைவலியும் உண்டு. அயனித் திரவம் ஆவியாகாது என்றால், டிரம்மில் வாங்கி அப்படியே மாற்றிவிடலாமா?
தயாரிப்பு மேற்பார்வையாளர், அம்பர்நாத்.

பதில்: அப்படியே மாற்ற முடியாது, ஐயா, ஆனால் தங்கள் கேள்வி நியாயமானது.

ஆவியாகாது என்பது நடைமுறையில் உண்மை. அயனிகள் ஒன்றை ஒன்று பற்றியிருக்கும் வலிமையால், அறை வெப்பநிலையில் இவற்றின் ஆவி அழுத்தம் அளக்க அரிதான அளவுக்குச் சிறியது. மிகக் குறைந்த அழுத்தத்தில், 200 முதல் 300 டிகிரி வெப்பத்தில் சிலவற்றைக் காய்ச்சி வடிக்கவும் முடியும் என்று 2006-இல் காட்டினார்கள். ஆலையின் காற்றைப் பொறுத்தவரை அதனால் மாற்றம் ஏதுமில்லை. சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. முதலாவது பாகுநிலை. நீருக்கு அது 25 டிகிரியில் 0.9 மில்லிபாஸ்கல் விநாடி. பியூட்டைல்மெத்தில் இமிடசோலியத்தின் ட்ரைஃப்ளிமைடுக்கு ஏறத்தாழ 50, டெட்ராஃப்ளோரோபோரேட்டுக்கு 100 அளவில், ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட்டுக்கு 250க்கும் மேல். டொலுவீனுக்காக அமைத்த பம்பும் கலக்கியும் சமையல் எண்ணெயைப் போன்ற, சில வேளை அதைவிடவும் கெட்டியான திரவத்தைச் சந்திக்க வேண்டியிருக்கும். வெப்பம் பரவுவதும் வினைப்பொருட்கள் ஒன்றை ஒன்று அடைவதும் மந்தப்படும். இரண்டாவது, விளைபொருளைப் பிரித்தெடுப்பது. டொலுவீனைக் கொதிக்க வைத்து ஓட்டிவிடலாம். இங்கே கரைப்பான் நகராது, விளைபொருள்தான் வெளியேற வேண்டும். அது ஆவியாகக்கூடியதாக இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் வேறொரு கரிமக் கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுக்க நேரிடும், ஆவித் தொல்லை பின்வாசல் வழியே திரும்பிவிடும். இதற்கு ஓர் அழகிய மாற்று 1999-இல் வெளியானது. உயர் அழுத்தத்தில் கார்பன் டைஆக்சைடு அயனித் திரவத்தில் மோல் பின்னம் 0.6 வரை, அதாவது மோல் கணக்கில் பத்துக்கு ஆறு பங்கு வரை, கரைகிறது. அயனித் திரவமோ கார்பன் டைஆக்சைடில் கரைவதே இல்லை. ஆகவே அந்த வாயுவைச் செலுத்தி, கரைபொருளை மட்டும் தூய்மையாக வெளியே எடுக்கலாம். அழுத்தக் கலன்களின் செலவைத் தாங்கக்கூடிய விலையுள்ள பொருட்களுக்கு இது பொருந்தும்.

மூன்றாவது விலை. டொலுவீனைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய முழுவதையும் மீட்டாக வேண்டும். தொட்டியில் ஒட்டிக்கொண்டு போவதுகூடக் கணக்கில் வரும்.

இவ்வளவு தடைகளையும் தாண்டி ஆலைகளில் இவை வெற்றி பெற்ற கதைகளைப் பார்த்தால், பழைய கரைப்பானை எடுத்துவிட்டு இதை ஊற்றிய இடங்கள் அல்ல அவை. ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 2002-இல் தொடங்கிய முறையைத் தாங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். பாஸ்பீன் சேர்மம் ஒன்றைத் தயாரிக்கையில் வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடிக்க, முன்பு ட்ரைஎத்தில்அமீன் சேர்த்தார்கள். அதனால் உண்டான திட உப்பு கலன் முழுவதையும் குழம்பாக்கியது, வடிகட்டுவது பெரும்பாடாயிற்று. அமீனுக்குப் பதிலாக மெத்தில்இமிடசோலைச் சேர்த்தபோது கிடைத்த உப்பு 75 டிகிரியிலேயே உருகுவது. வினை நடக்கும் சூட்டில் அது தெளிந்த தனி அடுக்காகப் பிரிந்து நின்றது. மேலடுக்கு விளைபொருள், கீழடுக்கு அயனித் திரவம். குழாயைத் திறந்து பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். மெத்தில்இமிடசோல் வினையை விரைவுபடுத்தவும் செய்ததால், விளைச்சல் 50 சதவீதத்திலிருந்து 98க்கு உயர்ந்தது; பெரிய தொட்டிக்குப் பதிலாகச் சிறு குழாய் உலையே போதுமானதாயிற்று. பிடித்த அமிலத்தைக் காரத்தால் நீக்கி, மெத்தில்இமிடசோலைத் திரும்பப் பெறுகிறார்கள். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் செவ்ரான் சுத்திகரிப்பு ஆலை, ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்ற கொடிய அமிலத்துக்கு மாற்றாக ஓர் அயனித் திரவ வினையூக்கியை 2021-இல் இயக்கத் தொடங்கியதும் இதே தன்மையது. ஆகவே தங்கள் ஆலையில் வடிகட்டுதலோ அமிலத்தைப் பிடிப்பதோ தலைவலியாக இருக்கும் வினை எது என்று முதலில் பாருங்கள். அங்கே இது பொருந்தக்கூடும். வெறும் ஆவி இழப்புக்கு என்றால், குளிர்விப்பான்களைச் சீர்செய்து, தொட்டிகளின் மூடிகளை இறுக்கி, ஆவியை மீட்கும் அமைப்பை நிறுவுவதே குறைந்த செலவில் உடனே பலன் தரும்.

கேள்வி: பருத்தித் துணியையே கரைத்துத் திரும்ப நூலாக்கும் உப்பு இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். பருத்தி எதிலும் கரையாதே?
வாசகி, டோம்பிவிலி.

பதில்: தங்கள் மகள் சொல்வது சரி, அம்மா. பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். அதன் நீண்ட இழைகள் ஹைட்ராக்சில் தொகுதிகளால் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பில் பின்னிக்கிடப்பதால், நீரோ சாராயமோ அதை அசைப்பதில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸ் குழுவினர் 2002-இல், பியூட்டைல்மெத்தில் இமிடசோலியம் குளோரைடில் அது கரைவதைக் காட்டினார்கள். 100 டிகிரி சூட்டில் எடையில் 10 சதவீதமும், நுண்ணலைச் சூட்டில் 25 சதவீதமும் கரைந்தது. அந்தத் திரவத்தில் நீரால் சூழப்படாத குளோரைடு அயனிகள் செறிந்திருக்கின்றன. அவை இழைகளின் ஹைட்ராக்சில் தொகுதிகளைத் தம்பக்கம் இழுத்துக்கொள்வதால் பின்னல் அவிழ்கிறது. கரைசலில் நீரைச் சேர்த்தவுடன் குளோரைடு நீரிடம் போய்விடும், செல்லுலோஸ் திரும்பத் திரண்டு வெளிவரும். நீர் சேர்த்தால் கரைய வேண்டியது இங்கே பிரிகிறது என்பதை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் மறப்பதில்லை. சில பிரிடினியம் உப்புகள் செல்லுலோஸைக் கரைக்கும் என்று 1934-ஆம் ஆண்டுக் காப்புரிமை ஒன்றிலேயே இருக்கிறது. அக்காலத்தில் அதைத் தொடர யாரும் முன்வரவில்லை.

இதன் பயன் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியில்தான் பெரிது. தகுந்த அயனித் திரவம் பருத்தியை மட்டும் கரைத்து, பாலியெஸ்டரைத் தொடாமல் விட்டுவிடும். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் இவ்வகைக் கரைசலிலிருந்து புதிய இழை நூற்கிறார்கள். நூற்ற பிறகு தொட்டியில் சேரும் ஏராளமான நீரை ஓட்டி, அயனித் திரவத்தைத் திரும்பப் பெறுவதே இம்முறையின் செலவு மிக்க கட்டம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தொழிற்சாலை வேதியியலாளன். அயனித் திரவங்களைப் பசுமைக் கரைப்பான் என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதுகிறார்களே, ஆவியாகாததைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் உண்டா? இவை தீப்பிடிக்காதவை என்பதும் உண்மையா?
வாசகர், முலுண்ட்.

பதில்: ஐயா, ஆவியாகாமை காற்றுக்கு நல்லது, நீர்நிலைகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. காற்றில் போகாத பொருள் கழிவுநீரில் போகும், அங்கேதான் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் தொடங்குகின்றன. இமிடசோலியத்தின் வால் நீள நீள, பாசிகளுக்கும் நீர்வாழ் சிற்றுயிர்களுக்கும் அதன் நச்சுத்தன்மை கூடுகிறது என்பது பல சோதனைகளில் உறுதியானது. நீண்ட வால் கொண்ட நேர்மின் அயனி சோப்பைப் போன்ற இயல்பு பெற்று, உயிரணுச் சவ்வுக்குள் செருகிக்கொள்கிறது. கரைப்பானாகப் பயன்படும் அதே இயல்பே உயிரணுவுக்குக் கேடாகிறது என்பதால், இதைத் தற்செயலான குறை என்று ஒதுக்க முடியாது. இமிடசோலியம் வளையத்தை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைப்பதும் இல்லை. தயாரிப்புக்கு ஆல்கைல் ஹாலைடுகளும், கழுவுவதற்கு மேலும் கரைப்பான்களும் செலவாகின்றன. கட்டுரைகள் பலவற்றில் இந்தக் கணக்கு இல்லை. எனவே பசுமை என்ற அடைமொழியை மொத்தக் குடும்பத்துக்கும் சூட்டுவது தவறு என்ற தங்கள் கருத்தே என் கருத்தும். கோலினையும் அமினோ அமிலங்களையும் இணைத்துச் செய்யப்படும் திரவங்கள் இந்த நோக்கில் நல்லவை. நுண்ணுயிர்களால் சிதைபவை, மூலப்பொருளும் கடுமையற்றது. ஆனால் பெரும்பாலும் மிகவும் கெட்டியானவை, நீரை எளிதில் விடாதவை.

தீயைப் பொறுத்தவரை, பற்றிக்கொள்ளும் ஆவி இல்லாததால் டொலுவீன் தொட்டியில் நேரும் வகையான தீ இவற்றில் நேராது. அதற்காக எரியாதவை என்று கொள்ளக் கூடாது. சுமார் 300 டிகிரியை நெருங்கும்போது பல இமிடசோலியம் உப்புகள் சிதையத் தொடங்கும். அசிட்டேட் அதற்கும் வெகு கீழேயே சிதையும். அப்போது வெளிவரும் சிதைவுப் பொருட்கள் எரியக்கூடியவை. நைட்ரேட், டைசயனமைடு போன்ற எதிர்மின் அயனிகள் சேர்ந்த சில திரவங்களை ராக்கெட் எரிபொருளாகவே ஆராய்கிறார்கள். வால்டன் விவரித்த எத்தில்அம்மோனியம் நைட்ரேட்டும் ஓர் அமீன் நைட்ரேட் என்பதை மறந்து, உலர்த்துவதற்காக அதை நெடுநேரம் கடுஞ்சூட்டில் வைக்கக் கூடாது. மிதமான சூட்டில், வெற்றிடத்தில், சிறிய அளவிலேயே உலர்த்த வேண்டும்.